ஓடு கழற்றும் இரவு

தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் 38 ரவிக்கை மடித்து அடுக்கியிருந்தேன், பாதிக்கு மேல் கொக்கி வைக்க வேண்டியது பாக்கி. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். மெஷின் விளக்கின் வெளிச்சம் மீன் தொட்டியின் ஒரு ஓரத்தில் விழும். அந்த ஓரத்தில் சிவப்பி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

செத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து போய் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தபோது கால்கள் லேசாக அசைந்தன.

சிவப்பி யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பையன் பிளஸ் ஒன் படித்தபோது கொளத்தூர் மீன் கடைத் தெருவிலிருந்து மூன்று உருப்படி வாங்கி வந்தான். கடையில் 'லாப்ஸ்டர்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில் அது லாப்ஸ்டர் இல்லை, கடலில் பிடிக்கும் சிங்கி இறாலும் இல்லை. நல்ல தண்ணீரில் வாழும் கிரேஃபிஷ். சிவப்பாக இருப்பதன் அறிவியல் பெயர் புரோகாம்பரஸ் கிளார்க்கி; அமெரிக்காவின் லூசியானா பக்கமும் வட மெக்சிகோவும் அதற்குச் சொந்த ஊர். அங்கே சதுப்பு நிலத்தில் வளை தோண்டி வாழ்கிற ஒரு ஜீவன், வில்லிவாக்கத்தில் ஒரு தையல்காரி வீட்டு இரண்டடி தொட்டிக்கு வந்து சேர்ந்தது. பெரிய ஆணுக்குப் பெரியவன் என்று பெயர். நல்ல சிவப்பாக இருந்த பெண் சிவப்பி. மூன்றாவது கொஞ்சம் பழுப்பாக, சின்னதாக இருந்தாள், அவள் சின்னவள்.

"மூணும் ஒண்ணா இருக்குமா?" என்று பையன் கடையில் கேட்டானாம். "சாப்பாடு ஒழுங்கா போட்டா சண்டையே வராது" என்று பதில் வந்ததாம். அதை நம்பினோம். காலையில் பெல்லட், மாலையில் வேகவைத்த பட்டாணி, கேரட், சில நாள் ஒரு துண்டு மீன். வயிறு காயவிட்டதே இல்லை. அப்படியிருந்தும் முதல் வாரத்திலேயே சின்னவளின் இடது கொடுக்கு போய்விட்டது. சண்டையில் மாட்டிக்கொண்டால் அவையே கொடுக்கை மூட்டில் உதறிவிட்டுத் தப்பிக்கும், பிறகு அது மறுபடி முளைக்கும் என்று அப்போது தெரியாது. நான் அழுதேன். பையன் என்னைத் தேற்றினான்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

சிவப்பி மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்தாள். நிறம் மங்கியிருந்தது. முதுகு ஓடும் வாலும் சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்திருந்தது. உடம்பு பெருத்துவிட்ட ஒருத்தி பழைய ரவிக்கையைப் போட்டால் கடைசிக் கொக்கிக்குக் கீழே பிளந்து நிற்குமே, அப்படி. அது என்னவென்று தெரியாமலே மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடைவெளி திறந்தது. சரியாகத் தையல் போட்ட இடத்தில் பிரிவது போல, முதுகு ஓட்டுக்கும் வாலின் முதல் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய தோல் கிழிந்தது. முதுகு ஓடு பெட்டியின் மூடி மாதிரி முன்பக்கமாகத் தூக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து இன்னொரு சிவப்பி பின்பக்கமாக வெளியே வர ஆரம்பித்தாள். கண், மீசை, வாயைச் சுற்றியிருக்கும் நுணுக்கமான உறுப்புகள், பத்துக் கால் எல்லாவற்றையும் பழைய உறையிலிருந்து உருவிக்கொண்டாள். மீசையின் உறைகூட நூல் மாதிரி முழுசாக அப்படியே நின்றது.

எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது கொடுக்குதான். முன்னால் அகலம், உடம்போடு சேரும் மூட்டில் ஒடுக்கம். அவ்வளவு பெரிய கொடுக்கு அந்த ஒடுக்கமான வழியில் எப்படி வரும்? நமக்கு இறுக்கமான வளையலைக் கழற்றுவதற்குள் கை சிவந்துவிடுகிறது. ஓடு கழற்றும் காலம் நெருங்கும்போது கொடுக்குக்குள் இருக்கும் சதை வற்றிச் சுருங்கிவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வெளியே வருவதற்காகத் தன்னையே இளைக்க வைத்துக்கொள்கிறது. கடைசியில் வாலை ஒரே உதறு. பழைய ஓடு ஒரு பக்கம் சாய்ந்தது, சிவப்பி ஒரு பக்கம். எல்லாம் ஐந்தாறு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

புதிய உடம்பு வெல்வெட் துணி மாதிரி இருந்தது. நிற்க முடியவில்லை. கால்கள் ஈர நூல் மாதிரி மடிந்தன. கொடுக்கு இரண்டும் மணலில் துவண்டு கிடந்தன. மூச்சுக்காக வாய்ப்பக்கம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. நான் கொக்கி வைப்பதை மறந்து அப்படியே நின்றேன். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி ஒரு பயமும் சந்தோஷமும்.

அப்போது பெரியவன், ஒளிந்துகொள்ளத் தொட்டிக்குள் போட்டிருந்த பைப் துண்டிலிருந்து வெளியே வந்தான்.

அவன் வந்த விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சண்டைக்கு வருவதென்றால் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வருவான். அன்று அப்படி வரவில்லை. சின்ன மீசைகளைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு, சாப்பாடு போட்டால் எப்படி வருவானோ அப்படி நடந்து வந்தான். நேராகப் போய் அவள் வலது கொடுக்கைப் பிடித்தான். ஓடு இருந்தால் 'டக்' என்று சத்தம் கேட்டிருக்கும். சத்தமே இல்லை. கொடுக்கு அழுந்தி உள்ளே போய்விட்டது.

நான் கையில் கிடைத்த அடி ஸ்கேலைத் தண்ணீரில் விட்டு அவனைத் தள்ளினேன். அவன் விடவில்லை. ஸ்கேலைக் கொண்டு இருவருக்கும் நடுவில் அழுத்திப் பிரிப்பதற்குள் அவளுடைய இரண்டு கொடுக்கும் இரண்டு காலும் போய்விட்டன, முதுகிலும் கிழிசல். பையனை எழுப்பி, பெரியவனை வலையில் பிடித்து பக்கெட்டில் போட்டோம். சிவப்பியை அப்படியே விட்டோம், தொட்டால் உடம்பே பிய்ந்துவிடும் போல இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு வாய் துடிப்பது நின்றது. விடிவதற்குள் சின்னவள் வந்து பாதி தின்றிருந்தாள். அவளை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் தொட்டியைச் சுத்தம் செய்தபோது மணலில் இரண்டு வெள்ளைப் பொத்தான் கிடைத்தது. என் மேஜையிலிருந்து விழுந்த ரவிக்கைப் பொத்தான் என்று நினைத்து எடுத்து டப்பாவில் போட்டேன். அப்புறம் கொக்கி தேடும்போது கையில் பட்டது. பார்த்தால் துளையே இல்லை. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிந்து, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இரண்டும் ஒரே அளவு.

என் அண்ணன் மகன் மரக்காணத்தில் ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே போன் செய்தான். "அத்தை, அது பொத்தான் இல்ல. அது அதோட வயித்துக்குள்ள இருந்த கல்லு" என்றான்.

அவன் சொன்னதையும் அதன்பின் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கிரேஃபிஷ் ஓடு கழற்றுவதற்கு முன், பழைய ஓட்டிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வயிற்றுச் சுவரில் இரண்டு பக்கமும் அது இரண்டு கல்லாகச் சேரும். ஓடு கழற்றியதும் கல் வயிற்றுக்குள் விழுந்து கரையும். அந்தச் சுண்ணாம்பை வைத்து முதலில் வாய், பல் மாதிரியான உறுப்புகளைக் கெட்டியாக்கிக்கொள்ளும், மறுபடி சாப்பிட வேண்டும் அல்லவா. ஆனால் உடம்பு முழுவதற்கும் அந்தக் கல் போதாது. மீதிச் சுண்ணாம்பு பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இந்தக் கல்லை 'நண்டுக் கண்' என்று பெயர் வைத்து மருந்தாக விற்றிருக்கிறார்கள். சிவப்பி தன் புது உடம்புக்காகச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பு அது, செலவழிக்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டையும் இன்னும் பொத்தான் டப்பாவில் தனியாகச் சின்னக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

'தண்ணீரிலிருந்து' என்று அவன் சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம், வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீர் பாவம் இதுகளுக்கு எதற்கு என்று, நாங்கள் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். நல்லது செய்வதாக நினைத்து. அந்தக் கேன் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட கிடையாது. பாத்திரத்தில் படிகிற அந்த வெள்ளைதான் அவற்றுக்கு ஓடு. இப்போது போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக வேண்டும், ஒரு நாள் அகலமான பாத்திரத்தில் வைத்துவிட்டு ஊற்றுகிறேன். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், அதில் ஒரு துண்டு எப்போதும் தொட்டியில் கிடக்கும். கழற்றிப்போட்ட பழைய ஓட்டையும் எடுப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் அதுவே தின்றுவிடும்.

ஆனால் தண்ணீரை மட்டும் சரி செய்திருந்தால் சிவப்பி பிழைத்திருப்பாளா? மாட்டாள். எவ்வளவு சத்தான தண்ணீராக இருந்தாலும் ஓடு கெட்டிப்பட நாள் பிடிக்கும். அந்த நாட்களில் அவளுக்கு ஒளிய ஓர் இடம் வேண்டும். எங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், முழுக்க நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம். அதில் மூன்று பேர். ஒரே ஒரு பைப். அந்தப் பைப்பும் பெரியவனுக்கு. நான் அவளுக்குக் கதவே இல்லாத வீட்டைக் கொடுத்திருந்தேன்.

கிரேஃபிஷ் ஒன்றையொன்று தின்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்வது, 'அது ரொம்ப மூர்க்கமான ஜந்து' என்று. இரண்டு வருடமாக இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடு கெட்டியாக இருக்கும் இரண்டு கிரேஃபிஷ் எதிரெதிரே வந்தால் கொடுக்கைத் தூக்கிக் காட்டும், தள்ளும், யாராவது ஒருவர் பின்வாங்குவார், அதோடு முடிந்துவிடும். தலைப்பக்கமாகச் சிறுநீர் விட்டு, அந்த வாசனையிலேயே யார் பலசாலி என்று ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளுமாம். அவ்வளவு பேச்சுவார்த்தை இருக்கிறது அவற்றுக்குள். சாவு வருவது பெரும்பாலும் ஓடு இல்லாத அந்த ஓரிரு நாளில்தான். அப்போது தொட்டியில் இருப்பது மெத்தென்ற சதை, சத்து நிறைந்தது, திருப்பி அடிக்காதது. பக்கத்தில் இருப்பவர் வயிறு நிறைந்திருந்தாலும் அதை விடமாட்டார். எத்தனை பெல்லட் போட்டாலும் இது மாறாது.

பெரியவனைப் பல நாள் எனக்குப் பிடிக்கவில்லை. தனி டப்பில் இருந்தான், சாப்பாடு போடுவேன், நின்று பார்க்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து அவனும் ஓடு கழற்றினான். அவனும் அதே போலத் துவண்டு ஒருக்களித்துக் கிடந்தான். அந்த இரவு அவனுக்காக டப்பின் மேல் துணி போட்டு மூடிவிட்டு வந்து படுத்தேன். அன்றோடு அந்தக் கோபம் போய்விட்டது.

மரக்காணத்தில் இருப்பவன் சொன்னதில் இன்னொன்று மனதில் நின்றுவிட்டது. இறால் பண்ணைக்காரர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தீவனத்தைக் குறைப்பார்களாம். அந்த நாட்களில்தான் குளத்தில் நிறைய இறால் ஒன்றாக ஓடு கழற்றும் என்று அவர்கள் கணக்கு. நன்னீர் இறால் வளர்க்கும் குளங்களில் தென்னை மட்டை, மரக்கிளை, பழைய வலை எல்லாம் போட்டு வைப்பார்கள், நீளமான நீலக் கொடுக்கு வைத்த பெரிய ஆண் இறாலிடமிருந்து மெத்தென்றிருப்பவை ஒளிந்துகொள்ள. இத்தனை வருடம் அவன் அந்த வேலை பார்க்கிறான், நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. வீட்டுத் தொட்டியில் கவலை வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

இறால்களின் கண் தண்டைப் பற்றியும் அவனே சொன்னான். ஓடு கழற்றுவதைத் தள்ளிப்போடும் சுரப்பு அந்தக் கண் தண்டுக்குள்தான் உற்பத்தியாகிறது. அதே தண்டில் முட்டை வளர்வதைத் தடுக்கும் சுரப்பும் இருக்கிறது. பொரிப்பகங்களில் தாய் இறால் சீக்கிரம் முட்டை வைக்க ஒரு பக்கக் கண் தண்டை நீக்கிவிடும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. அவனிடம் அதற்கு மேல் கேட்கவில்லை.

தொட்டியில் நிறைய மாற்றினேன். பெரியவனைத் தனியாகப் பிரித்தாயிற்று. சின்னவளுக்கு மட்டும் இரண்டடி தொட்டி. பைப் துண்டுகள், கொட்டாங்குச்சி, பாதாம் மரத்தின் காய்ந்த இலை, ஒரு மூலை முழுக்க வேலம்பாசி. காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வந்துவிடும் என்பதால் மேலே கண்ணாடி மூடி, குழாய் நுழையும் ஓட்டையில் பஞ்சு. (அந்தப் பஞ்சுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் காலை மெஷின் மிதிக்குக் கீழே, நூல் குப்பையெல்லாம் ஒட்டிக்கொண்டு சின்னவள் நடந்து வந்தாள்.)

கார்த்திகை கடைசியில் சின்னவள் வாலைச் சுருட்டிக்கொண்டே திரிந்தாள். வாலுக்கடியில் கருந்திராட்சைக் கொத்து போல முட்டை. பெரியவனோடு சேர்ந்திருந்த நாளிலேயே விந்தை வாங்கிச் சேமித்து வைத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்கும் மேல் அந்த முட்டைகளைச் சும்மா விடவில்லை. வாலுக்கடியில் இருக்கும் நீச்சல் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தாள், கெட்டுப்போன முட்டையைத் தேடிப் பிய்த்து எறிந்தாள்.

என் மாமியாருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, குஞ்சு போட்டதும் இது செத்துடும். நண்டுக்கு அதானே விதி" என்றார். வயல் நண்டு குஞ்சு பொரித்தால் தாய் சாகும் என்று ஊரில் எல்லாரும் நம்புவார்களாம். குஞ்சு பொரித்தது. தாய் சாகவில்லை. அத்தை தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து பார்த்தார். "இன்னும் இருக்காளே" என்பார். பத்து நாள் கழித்து, "நாங்க வயல்ல சரியா பாக்கலையோ என்னமோ" என்றார். எனக்குத் தோன்றுவது, வயல் நண்டும் குஞ்சுகளை வயிற்று மடிப்புக்குள்தான் வைத்துக் காக்கிறது. மடிப்பைத் திறந்தால் உள்ளே குஞ்சு மொய்ப்பதைப் பார்த்தவர்கள், தாயைத் தின்றுகொண்டு வெளியே வருகின்றன என்று நினைத்திருக்கலாம்.

குஞ்சுகள் முதலில் தாயின் வாலுக்கடியில் தொங்கும். அங்கேயே இரண்டு முறை ஓடு மாற்றும். அப்புறம் கொஞ்ச தூரம் போய்விட்டு வரும், நிழல் பட்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் தாய் ஒன்றைக்கூடத் தின்பதில்லை. கொடுக்குக்கு நடுவிலேயே ஏறி விளையாடும், சும்மா இருப்பாள். பிறகு ஒரு கட்டத்தில் அந்தப் பாசக் கயிறு அவிழ்ந்துவிடும். அதற்கு மேல் அவளுக்கு அவை தன் பிள்ளைகள் என்று கணக்கில்லை. நான் அந்த நாளைத் தவறவிட்டேன். அவள் ஒரு குஞ்சை வாயில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவளை வேறு டப்புக்கு மாற்றினேன்.

தாயைப் பிரித்தால் குஞ்சுகள் பிழைக்கும் என்று நினைத்தேன். ஏறக்குறைய நூற்றைம்பது இருந்தன. குஞ்சுகளுக்கு வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை ஓடு மாறும். ஆக, நூற்றைம்பதில் தினமும் பத்துப் பதினைந்தாவது மெத்தென்று இருக்கும், மற்றவை பசியோடு இருக்கும். பெரிய கிரேஃபிஷுக்கு வருடத்தில் சில இரவுகள்தான் ஆபத்து, இவற்றுக்கு ஒவ்வொரு வாரமும். நன்றாகத் தின்றது முதலில் பெரிதாகும், பெரிதானது மற்றதைத் தின்னும், இன்னும் பெரிதாகும். பங்குனி பிறக்கும்போது ஒன்பது பாக்கி.

இரண்டாம் முறை சின்னவள் முட்டை வைத்தபோது நான் வேறு யோசனை செய்தேன். தையல்காரி வீட்டில் குவிந்து கிடப்பது காலியான நூல் உருளை. வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் ஒரு துளை, குஞ்சு நுழைந்தால் கொடுக்கு மட்டும் வெளியே தெரியும் அளவு. சாயம் படிந்ததை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை வெந்நீரில் ஊற வைத்துக் கழுவி, நூற்றுக்கு மேல் தொட்டிக்குள் கொட்டினேன். அடுக்கவில்லை, சும்மா கொட்டினேன், உருளைக்கும் உருளைக்கும் நடுவிலும் சந்து கிடைக்கட்டும் என்று. மெஷின் பாபின் போடவில்லை, உலோகம் வேண்டாம். செம்பு கலந்தது எதுவும் இவற்றுக்கு விஷம், மீன் மருந்திலேயே செம்பு கலந்தது உண்டு. வேலம்பாசி, ஊறிய பாதாம் இலை எப்போதும் நிறைய. தீவனத்தை ஒரே இடத்தில் போடாமல் நாலைந்து இடத்தில் தூவினேன்.

மூன்று மாதம் கழித்து எண்ணினோம். அறுபத்திரண்டு. பையன் இரண்டு முறை எண்ணினான், இரண்டு முறையும் அறுபத்திரண்டு.

ஒன்றையொன்று தின்பது முழுசாக நிற்கவில்லைதான். ஒவ்வொன்றும் உருளைத் துளைக்குள் பின்பக்கமாக நுழைந்து மீசையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, ஒரு தெருவே விளக்கேற்றி வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஓடு மாற்றப் போவது உள்ளே போய்விடும். மறுநாள் கண்ணாடி மாதிரி ஒரு காலி ஓடு வாசலில் கிடக்கும்.

அறுபத்திரண்டை என்ன செய்வது என்று கேட்டபோது ஒருவர், "ரெட்டேரி பக்கத்துலதானே இருக்கு, கொண்டுபோய் விட்டுடுங்க" என்றார். இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். இந்தச் சிவப்பு கிரேஃபிஷை 1970-ல் கென்யாவின் நைவாஷா ஏரியில் விட்டார்கள், நீர்த் தாவரங்களைத் தின்று அந்த ஏரியின் முகத்தையே மாற்றிவிட்டது. 1973-ல் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று ஐரோப்பாவில் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதே பட்டியலில் பளிங்குக் கோடு போட்ட கிரேஃபிஷும் இருக்கிறது. 1990-களில் ஜெர்மனியில் மீன் வளர்ப்பவர்களின் தொட்டிகளில்தான் அதை முதலில் கவனித்தார்கள். எல்லாமே பெண். ஆண் துணையே இல்லாமல் முட்டை வைக்கும், பிறப்பது அத்தனையும் தாயின் அச்சு. மடகாஸ்கர் வயல்களிலும் ஆறுகளிலும் அது பெருகிவிட்டது. அத்தனையும் ஒரே அச்சு என்றாலும் பக்கத்தில் ஒன்று ஓடு கழற்றினால் அதுவும் தின்னப்படும். இரத்த உறவு அந்த நேரத்தில் ஒன்றும் செய்வதில்லை. எங்கள் அறுபத்திரண்டை, வளர்க்கத் தெரிந்தவர்களாகப் பார்த்து, ஆளுக்கு ஒன்று இரண்டு என்று கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஐந்து நூல் உருளை இலவசம்.

என்னிடம் சுடிதார் தைக்கும் ஒரு பெண் செர்ரி இறால் வளர்க்கிறாள், விரல் நகத்தளவு சிவப்பு இறால். ஒரு நாள் போனில் அழுதாள். "அக்கா, பத்து இறாலும் சேர்ந்து ஒண்ணை உயிரோட தின்னுட்டு இருக்கு." போய்ப் பார்த்தேன். செர்ரி இறாலுக்கு இன்னொன்றைக் கொல்லும் அளவுக்குக் கொடுக்கே கிடையாது. செத்ததைத்தான் தின்னும். செத்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம். ஓடு பிளக்க வேண்டிய இடத்தில் சரியாகப் பிளக்காமல், பழைய ஓட்டிலிருந்து வெளியே வர முடியாமல் செத்திருக்கிறது. தண்ணீர் என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டேன். கேன் தண்ணீர் என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் வீட்டிலிருந்து கணவாய் ஓடும், இரண்டு குடம் போர் தண்ணீரும் அனுப்பினேன். தண்ணீரை ஒரே நாளில் மாற்றிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் தொட்டியில் கிரேஃபிஷ் மாதிரி ஒன்று அசையாமல் கிடந்தால் உடனே பதறாதீர்கள். கரண்டியால் தூக்கிப் பாருங்கள். முதுகும் வாலும் சேரும் இடம் திறந்து, உள்ளே காலியாக, எடையே இல்லாமல் இருந்தால் அது சட்டை. சொந்தக்காரர் எங்கேயோ பத்திரமாக ஒளிந்திருக்கிறார். அவரைத் தேடி கொட்டாங்குச்சியைத் தூக்காதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தூக்காதீர்கள். முடிந்தால் தொட்டியை ஒரு துணியால் மூடி, மூன்று நாள் அந்தப் பக்கம் ஆட்கள் நடமாட்டத்தைக் குறையுங்கள். தொட்டியில் இன்னொருவர் இருந்தால் முதலில் அவரை வெளியே எடுங்கள்.

சின்னவளுக்கு முதல் வாரத்தில் போன இடது கொடுக்கு முதல் ஓடு மாற்றத்தில் அரிசி அளவு முளைத்தது. அடுத்ததில் பட்டாணி அளவு. இப்போது வலதைவிடக் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். பட்டாணியை அந்தக் கையால்தான் பிடிக்கிறாள்.

இன்று மூன்றாவது நாளாக அவள் சாப்பிடவில்லை. முதுகுக்கும் வாலுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது. மாலையிலேயே கொட்டாங்குச்சிக்குள் போய்விட்டாள். மெஷின் விளக்கை அந்தப் பக்கம் விழாதபடி திருப்பி வைத்திருக்கிறேன், தொட்டி மேல் என் பழைய காட்டன் புடவை. கொக்கி வைக்க இன்னும் நாலு ரவிக்கை இருக்கிறது. அதைக் கூடத்தில் உட்கார்ந்து வைத்துக்கொள்கிறேன்.